போர்வெல் தண்ணீரில் இரும்பும் நைட்ரேட்டும் சேர்ந்தே வருகிறது: காற்றே இல்லாமல் இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியா நிஜமா?

கொருக்குப்பேட்டை_வாசி

குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் போர் தண்ணீர்தான், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மெட்ரோ வாட்டர். போரிலிருந்து வரும்போது தண்ணீர் நல்ல தெளிவு. பக்கெட்டில் பிடித்து அரை மணி நேரம் விட்டால் லேசாக மஞ்சள் தட்டும், சாயங்காலம் பார்த்தால் அடியில் ஆரஞ்சு வண்டல். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. சரி, இது வடசென்னையில் பாதி வீட்டுக் கதை, கரைந்திருக்கிற இரும்பு காற்று பட்டதும் துருவாகிறது, அதுவரை எனக்குப் புரிகிறது.

புரியாதது இதுதான். போன மாதம் மோட்டார் மக்கர் செய்ததால் மேலே தூக்கினோம். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிக் கிடந்த பைப்பிலும் மோட்டார் உடம்பிலும் விரல் தடிமனுக்கு ஆரஞ்சு நிறக் கொழகொழப்பு, கையால் வழித்தால் சளி, காய்ந்தால் செங்கல் பொடி. அங்கே ஏது காற்று? தேடிப் பார்த்தபோது ஆக்ஸிஜனே இல்லாத இடத்தில் நைட்ரேட்டை வைத்து இரும்பை ஆக்ஸிகரணம் செய்யும் பாக்டீரியா உண்டு என்று படித்தேன். தண்ணீரை டெஸ்டுக்கும் கொடுத்திருந்தோம்: இரும்பு லிட்டருக்கு 3 மி.கி., நைட்ரேட் 68 மி.கி., பிஎச் 6.8.

நைட்ரேட் எப்படி ஆக்ஸிஜன் செய்கிற வேலையைச் செய்யும்? அந்த பாக்டீரியாதான் என் போருக்குள் இருக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், "ஃபில்டர் போடுங்க சார்" என்பதை ஏற்கெனவே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

---

நுண்ணுயிர்_ராயபுரம்

மைக்ரோபயாலஜி படித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அண்ணா.

பாக்டீரியா நிஜம். நாம் சோற்றிலிருந்து எலக்ட்ரானை எடுத்து மூச்சில் வரும் ஆக்ஸிஜனிடம் கொடுக்கிறோம், அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான் உயிர் ஓடுகிறது. சில பாக்டீரியாவுக்குச் சோற்றுக்குப் பதில் கரைந்த இரும்பு, அதாவது ஃபெரஸ் இரும்பு. அது ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஃபெரிக் ஆகிறது, ஃபெரிக் நம் தண்ணீரின் பிஎச்சில் கரையாது, உடனே துருவாகப் படியும். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்ஸிஜன் இல்லையென்றால் அடுத்த தகுதியான ஆள் நைட்ரேட். நைட்ரேட்டில் நைட்ரஜனோடு மூன்று ஆக்ஸிஜன் அணு ஒட்டியிருக்கிறது, எலக்ட்ரானை வாங்க வாங்க அது நைட்ரைட், நைட்ரிக் ஆக்ஸைடு, நைட்ரஸ் ஆக்ஸைடு என்று படிப்படியாக இறங்கிக் கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றுக்கே போய்விடும்.

இரும்பு பாக்டீரியா என்ற விஷயமே பழசு. கேலியோனெல்லாவை ஏரன்பெர்க் 1830களிலேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிவிட்டார், இரும்பை ஆக்ஸிகரணம் செய்தே ஒரு உயிர் பிழைக்கலாம் என்ற யோசனையை வினோகிராட்ஸ்கி 1880களில் கொண்டுவந்தார். ஆனால் அப்போது எல்லாவற்றுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும் என்றே நினைத்தார்கள். 1993இல் விட்டலின் குழு ஜெர்மனியில், ஆக்ஸிஜன் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் வைத்து இரும்பை ஆக்ஸிகரணம் செய்யும் பாக்டீரியாவைக் காட்டியது. 1996இல் ஷ்ட்ராப், பென்ஸ், ஷிங்க், விட்டல் நால்வரும் வெளிச்சமும் வேண்டாம், ஆக்ஸிஜனும் வேண்டாம், நைட்ரேட் போதும் என்று காட்டினார்கள். இருட்டில் நடக்கும் என்பதுதான் இங்கே முக்கியம், உங்கள் போருக்குள் ஏது வெளிச்சம்.

கணக்கு ரொம்ப அழகு. நைட்ரேட் முழுசாக நைட்ரஜன் வாயுவரை போனால் ஒரு நைட்ரேட் ஐந்து எலக்ட்ரான் வாங்கும், ஐந்து இரும்பு தேவை. எடையில் சொன்னால் 1 மி.கி. நைட்ரேட் சுமார் 4.5 மி.கி. இரும்பைத் துருவாக்கலாம். இப்போது உங்கள் ரிப்போர்ட்டைப் பாருங்கள். 68 மி.கி. நைட்ரேட்டால் 300 மி.கி. இரும்பை முடித்துவிட முடியும், உங்களிடம் இருப்பதோ 3 மி.கி. இரண்டும் நிலத்தடியில் நெடுநாள் ஒன்றாகவே கிடந்திருந்தால், இந்த பாக்டீரியாவும் கூட இருந்திருந்தால், இரும்பு எப்போதோ தீர்ந்து அங்கேயே வண்டலாக உட்கார்ந்திருக்கும். கரைந்த இரும்பு இன்னும் பக்கெட் வரை வருகிறது என்றால் இரண்டும் சமீபத்தில்தான் சந்தித்திருக்கின்றன. அது எங்கே என்பதைப் போர் போடுகிறவர்கள் சொல்லட்டும்.

இதில் கிடைக்கும் ஆற்றல் ரொம்பக் கொஞ்சம். ஒரு இரும்பிலிருந்து ஒரே ஒரு எலக்ட்ரான். நெத்திலியை மட்டும் தின்று வயிற்றை நிரப்புகிற பாடுதான், செல் ஒரு மடங்கு வளர மலை மலையாக இரும்பைக் கடத்தியாக வேண்டும். அதனால்தான் சளி கொஞ்சமும் துரு நிறையவும் தெரிகிறது.

---

போர்செட்_மணலி

நான் படித்தவன் இல்லை, ரிக் வண்டியோடு அலைந்தவன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் எத்தனை அடி போட்டிருக்கிறீர்கள், எத்தனை அடிவரை கேசிங் பைப், தண்ணீர் உள்ளே வர அதில் போடும் வெட்டு, அதான் ஸ்லாட், எந்த மட்டத்தில் இருக்கிறது, கேசிங்குக்கு வெளியே சுற்றிலும் என்ன போட்டு அடைத்தார்கள்? இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் தண்ணீரைப் பற்றிப் பேசுவதே வீண்.

ஏன் கேட்கிறேன் என்றால் உங்கள் பக்கம் மேலே மணல், நடுவே களிமண், அதற்குக் கீழே திரும்பவும் மணல் என்று மாறி மாறி வரும். மேல்மணல் தண்ணீரில் செப்டிக் டேங்க் கசிவு, சாக்கடைக் கசிவு எல்லாம் கலந்திருக்கும், நைட்ரேட் அங்கிருந்துதான். களிமண்ணுக்குக் கீழே இருக்கிற தண்ணீர் காற்று படாமல் கிடக்கும், இரும்பு அதில்தான் கரைந்து வரும், மோந்து பார்த்தாலே தெரியும். சரியாகச் செய்த போரில் மேல்தண்ணீரை அடைத்துவிட்டுக் கீழ்த்தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். நம் ஊரில் என்ன நடக்கிறது? தோண்டிய துளைக்கும் கேசிங்குக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நாலு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். மேல்தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே கீழே இறங்கும். செலவை மிச்சம் பிடிக்க ஸ்லாட்டை இரண்டு மட்டத்திலும் போட்டுவிடுகிற ஆளும் உண்டு.

அப்புறம், மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் இறங்கும், மேல்ஸ்லாட் வழியாக வருகிற தண்ணீர் கேசிங்குக்குள் அருவியாகக் கொட்டும், கொட்டும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். "மூழ்கிய பைப்பில் ஏது காற்று" என்று கேட்டீர்களே, காற்று இப்படித்தான் வருகிறது. கொழகொழப்பு ஸ்லாட் இருக்கிற மட்டத்தில் ரொம்ப அதிகமாக இருந்ததா, பைப் முழுக்க ஒரே மாதிரி இருந்ததா என்று மோட்டார் தூக்கின ஆளைக் கேளுங்கள்.

---

வியாசை_வாத்தியார்

கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவன். மேலே அந்தப் பொண்ணு எழுதியது பெரும்பாலும் சரி, ஆனால் ஒரு இடத்தில் சீக்கிரமாக ஓடிவிட்டார், அங்கேதான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் ஏன் முடியும் என்பதற்கு எண். பிஎச் 7இல் ஆக்ஸிஜன்–தண்ணீர் ஜோடியின் மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை இழுக்கும் பலம், சுமார் 0.82 வோல்ட். நைட்ரேட்–நைட்ரஜன் ஜோடி 0.75க்குப் பக்கத்தில், அதாவது ஆக்ஸிஜனுக்குக் கொஞ்சம்தான் கீழே. நைட்ரேட்–நைட்ரைட் 0.43. இரும்பு? பாடப்புத்தகத்தில் 0.77 என்று போட்டிருப்பார்கள், அதை வைத்துப் பார்த்தால் நைட்ரேட்டால் முடியாது என்றே தோன்றும். ஆனால் அந்த 0.77 அமிலத்தில், இரண்டு இரும்பும் கரைந்திருக்கும்போது. நம் தண்ணீரின் பிஎச்சில் ஃபெரிக் கரையாமல் துருவாகக் கீழே விழுந்துவிடுவதால் அந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. துரு விழுவதுதான் இந்த வியாபாரத்துக்கே லாபம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் புத்தகத்து எண்ணை மூடி வைக்கச் சொல்வேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். "பாக்டீரியா நைட்ரேட்டை வைத்து இரும்பை ஆக்ஸிகரணம் செய்கிறது" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வேறு சமாசாரம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, செல்லில் இருக்கும் என்சைம் இரும்பிலிருந்து எலக்ட்ரானை நிஜமாகவே பிடுங்குகிறது. இன்னொன்று, பாக்டீரியா தன் பாட்டுக்கு அசிடேட் மாதிரி ஏதோ கரிமப் பொருளைத் தின்று நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகிறது, வெளியே வந்த அந்த நைட்ரைட் எந்த உயிரின் உதவியும் இல்லாமல் வெறும் ரசாயனமாக இரும்பைத் துருவாக்குகிறது. நைட்ரேட் தானாக இரும்போடு சாதாரண வெப்பத்தில் லேசில் வினைபுரியாது, நைட்ரைட் புரியும், துருவின் மேற்பரப்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபமாகப் புரியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே தோற்றம்: நைட்ரேட் குறைகிறது, இரும்பு துருவாகிறது, பாக்டீரியா வளர்கிறது.

கான்ஸ்டன்ஸ் ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த அசிடோவோராக்ஸ் போஃபென்1 என்ற வகையை வைத்து நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அது வளர அசிடேட் வேண்டும், வளர வளர செல்லின் உறைக்குள்ளேயே துரு படிந்து தன்னைத் தானே சிறை வைத்துக்கொள்கிறது. இரும்பைச் சாப்பிட்டுப் பிழைக்கிற உயிர் அந்த இரும்பாலேயே சாகுமா என்று கேட்டுப் பாருங்கள். 2014 வாக்கில் கிளூக்லைன், காப்ளர் குழு, இரும்போடு சம்பந்தமே இல்லாதது என்று எல்லோரும் நினைத்த பாராகாக்கஸ் டிநைட்ரிஃபிகன்ஸ் போன்ற சாதாரண நைட்ரேட் பாக்டீரியாவையும் எடுத்துப் பார்த்தது, அவையும் அதே மாதிரி துருக்கட்டின. குற்றவாளி நைட்ரைட் என்ற பக்கம் எடை கூடியது இப்படித்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. இரும்பை அளப்பதற்காக மாதிரியில் அமிலம் ஊற்றுவார்கள், நைட்ரைட் மிச்சம் இருந்தால் அமிலத்தில் அது இன்னும் வேகமாக இரும்பை ஆக்ஸிகரணம் செய்துவிடும். பாக்டீரியா செய்யாத வேலையை டெஸ்ட் டியூப் செய்துவிட்டுப் பழியை பாக்டீரியா மேல் போடும். அதனால் கவனமான ஆய்வகங்கள் சல்ஃபாமிக் அமிலம் ஊற்றி முதலில் நைட்ரைட்டைக் காலி செய்கின்றன.

---

நுண்ணுயிர்_ராயபுரம்

வாத்தியார் சார், போஃபென்1 விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, அதை "இரும்பு பாக்டீரியா" என்று சொல்வதே எனக்குச் சங்கடம்தான். ஆனால் அதோடு கதையை மூடிவிட்டால் அநியாயம்.

கேஎஸ் என்று ஆய்வகத்தில் ஒன்றாக வளர்க்கும் ஒரு பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது, 1996 கட்டுரையிலேயே வந்தது, பிரேமன் பக்கத்து நன்னீர்ச் சேற்றிலிருந்து எடுத்தது, இன்றைக்கும் ஆய்வகங்களில் கைமாறிக் கைமாறி உயிரோடு இருக்கிறது. அதற்கு அசிடேட் இல்லை, எந்தக் கரிம உணவும் இல்லை. இரும்பு, நைட்ரேட், கரியமில வாயு, உப்புகள் மட்டும் கொடுத்து, கொஞ்சம் எடுத்துப் புதுசில் போட்டு, திரும்பக் கொஞ்சம் எடுத்துப் புதுசில் போட்டு என்று இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். தின்ன வேறொன்றும் இல்லாத இடத்தில் நைட்ரைட் பக்கவிளைவு மட்டுமே என்றால் செல் எதை வைத்து வளர்ந்தது? அதில் முதன்மையாக இருப்பது கேலியோனெல்லேசியே குடும்பத்து பாக்டீரியா. அதன் ஜீனோமில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோவும் இருக்கிறது, இரும்பிலிருந்து எலக்ட்ரான் வாங்கும் வெளிச்சவ்வுப் புரதத்துக்கான (சைட்டோக்ரோம்) ஜீனும் இருக்கிறது. செல்லுக்கு வெளியிலேயே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் துருவும் வெளியிலேயே விழும், நீங்கள் சொன்ன சிறை அதற்கு வராது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்த கேலியோனெல்லேசியே பாக்டீரியா தனியாக நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவரை கொண்டுபோக முடியாது. பாதையின் கடைசிப் பகுதிக்கான ஜீன்கள் அதனிடம் இல்லை. கூட வாழும் மற்ற பாக்டீரியா அந்த மிச்ச வேலையை முடிக்கின்றன, பதிலுக்கு அது உருவாக்கும் கரிமத்தில் பிழைக்கின்றன. தனியாகப் பிரித்து வளர்க்கப் பார்த்துப் பலர் தோற்றதில் ஆச்சரியமே இல்லை.

"சேறு சரி, நிலத்தடி நீரில் உண்டா" என்று அண்ணா கேட்பார். உண்டு. ஜெர்மனியில் ஆல்டிங்கன் என்ற இடத்தில், கரிமம் ரொம்பக் குறைவான, பைரைட் என்ற இரும்புக் கனிமம் கலந்த சுண்ணாம்புப் பாறை நீரடுக்கிலிருந்து இதே மாதிரி கரிம உணவு இல்லாமல் வளரும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்றை எடுத்திருக்கிறார்கள், வயல் உரத்தின் நைட்ரேட் இறங்கும் இடம் அது. கரிமம் இல்லாத ஆழத்தில் நைட்ரேட்டைக் குறைக்க இரும்புதான் கைகொடுக்கிறது.

ஆகவே இரண்டுமே நடக்கும். கரிமம் நிறைய உள்ள இடத்தில் நைட்ரைட் வழி ஓங்கும், கரிமம் இல்லாத இடத்தில் நிஜ இரும்பு பாக்டீரியா தலையெடுக்கும். செப்டிக் கசிவு உள்ள கொருக்குப்பேட்டையில் கரிமத்துக்கா பஞ்சம்? வாத்தியார் கட்சிக்குத்தான் அங்கே ஓட்டு அதிகம் விழும், ஒப்புக்கொள்கிறேன்.

---

எண்ணூர்_முகத்துவாரம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் கழிமுகச் சேற்றைத் தோண்டினால் ஆரஞ்சு மேலே ஒரு விரற்கடை மட்டும், அதற்குக் கீழே கன்னங்கரேல், அழுகின முட்டை நாற்றம். இரும்பு எங்கே போகிறது? இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் கையைக் கழுவினாலும் அந்தக் கறுப்பு லேசில் போகாது.

---

வியாசை_வாத்தியார்

கடல் தண்ணீரில் சல்ஃபேட் ஏராளம். ஆக்ஸிஜன், நைட்ரேட், ஃபெரிக் எல்லாம் தீர்ந்த பிறகு வேறு வகை பாக்டீரியா சல்ஃபேட்டை சல்ஃபைடாக மாற்றும், அதுதான் முட்டை நாற்றம். சல்ஃபைடு கரைந்த இரும்பைப் பிடித்து அயர்ன் சல்ஃபைடாக்கிக் கறுப்பாகப் படியவைத்துவிடும். இரும்பு எங்கேயும் போகவில்லை, பூட்டிக்கிடக்கிறது. மேலே உள்ள ஆரஞ்சுப் படலம் ஆக்ஸிஜன் எட்டும் மட்டம். நடுவில் நைட்ரேட் எட்டும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும், இவ்வளவு நேரம் நாங்கள் அடித்துக்கொண்டது அந்த மில்லிமீட்டர் கணக்குப் பட்டையில் நடப்பதைப் பற்றித்தான்.

கூடுதலாக ஒன்று. துரு சும்மா கிடக்காது, ஆர்செனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து அப்பர் மிஸ்டிக் ஏரியில் கோடையில் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகும் நைட்ரேட் இருக்கும்வரை இரும்பு துருவாகவே நின்று ஆர்செனிக்கையும் கட்டிப்போட்டதை சென், ஹெமண்ட் இருவரும் 2002இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். நகரத்துச் சாக்கடை நைட்ரேட்டால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது பாருங்கள், இதைச் சொன்னால் மாநகராட்சி சந்தோஷப்படும்.

---

கொருக்குப்பேட்டை_வாசி

எல்லோருக்கும் நன்றி. மோட்டார் தூக்கியவரைக் கேட்டேன். தொண்ணூறு அடி போர், ஸ்லாட் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்று முப்பது அடிக்குப் பக்கத்தில், இன்னொன்று அடியில். கொழகொழப்பு மேல்ஸ்லாட்டுக்குக் கீழேதான் ரொம்ப அதிகம், மோட்டார் பக்கம் வந்தால் மெலிசு. வெளிச்சந்தில் வெறும் ஜல்லிதான். மணலிக்காரர் நேரில் நின்று பார்த்த மாதிரி சொல்லிவிட்டார், போட்டுக்கொடுத்த ஆளைத் திட்டி இனி என்ன பயன்.

ஒரே பயம் வேறு. தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு இரண்டு மாசம். மெட்ரோ வாட்டர் வராத அன்றைக்குப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துப் பால் பவுடர் கலக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

---

நுண்ணுயிர்_ராயபுரம்

வேண்டாம் அண்ணா, கண்டிப்பாக வேண்டாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாகும்போது இன்னும் செறிவாகும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 45 மி.கி., உங்களுடையது 68. கைக்குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும், அந்த நைட்ரைட் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் இருக்கும் ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் ஆக்கிவிடும். போருக்குள் வாத்தியார் சொன்ன அதே வினைதான், இடம் மட்டும் குழந்தையின் ரத்தம். ஃபெரிக் ஆன ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்காது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மூன்று மாசத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஆபத்து ரொம்ப அதிகம், ஃபெரிக்கைத் திருப்பி ஃபெரஸ் ஆக்கும் என்சைம் அந்த வயதில் போதுமான அளவு இருக்காது. கேன் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் என்றால் இந்தக் கவலையே இல்லை. ஏற்கெனவே கொடுத்திருந்து உதடு நீலமாகத் தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

---

கொருக்குப்பேட்டை_வாசி

இதுவரை கொடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கேனுக்கும் சொல்லியாயிற்று. சளியில் இருப்பது நைட்ரேட் பாக்டீரியாவா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? ஆர்வம்தான், வேறொன்றுமில்லை.

---

நுண்ணுயிர்_ராயபுரம்

முழுத் தீர்ப்பு கிடைக்காது, பாதி கிடைக்கும். இரண்டு கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடியோடு. பிளாஸ்டிக் வேண்டாம், அது மெதுவாக ஆக்ஸிஜனை உள்ளே விடும். குழாயில் சின்ன டியூப் மாட்டி, டியூப் நுனி பாட்டிலின் அடியைத் தொடுகிற மாதிரி விட்டு, தண்ணீர் நிரம்பி நன்றாக வழிந்த பிறகு டியூபை மெல்ல உருவி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடுங்கள். இன்னொன்றைப் பாதி மட்டும் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். பாதி நிரப்பியது கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும், அது காற்றின் வேலை. உங்கள் பிஎச் 6.8 என்பதால்தான் அரை மணி நேரம் எடுக்கிறது, பிஎச் ஒரு அலகு கூடினால் அந்த வேகம் சுமார் 100 மடங்கு கூடும். நிரம்ப அடைத்தது தெளிவாகவே இருந்தால், பக்கெட் மஞ்சளுக்கும் நைட்ரேட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது உறுதி. அது நாள் கணக்கில் வைத்த பிறகு மெதுவாக மங்கினால் நைட்ரேட் வழி இருக்கலாம், ஆனால் அது செல்லா, நைட்ரைட்டா என்பது வீட்டில் தெரியாது.

சளியை மட்டும் ஏதாவது கல்லூரி ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கின ரிப்பன் மாதிரி காம்பு தெரிந்தால் கேலியோனெல்லா வகை, வெற்றுக் குழாய் உறைகள் தெரிந்தால் லெப்டோத்ரிக்ஸ். இரண்டும் கொஞ்சம் ஆக்ஸிஜன் கிடைக்கும் இடத்தில் வாழ்பவை. மேல்ஸ்லாட்டுக்குக் கீழேதான் தடிப்பு அதிகம் என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் பந்தயம் அவற்றின் மேல்தான். நைட்ரேட் ஆசாமிகள் இருந்தால் அந்தச் சளியின் உள்ளடுக்கில், ஆக்ஸிஜன் தீர்ந்துபோன இடத்தில் இருப்பார்கள்.

---

போர்செட்_மணலி

பாட்டில் விளையாட்டு முடிந்ததும் வேலையைப் பாருங்கள். கம்ப்ரசர் வைத்து ஒரு தடவை ஃபிளஷ் செய்து சளியை வெளியே தள்ளுங்கள், அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் குளோரின் வாசனை போகும்வரை தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள். சளியைத் தள்ளாமல் பிளீச்சிங் மட்டும் ஊற்றினால் மேல்தோல்தான் சாகும், திரும்ப வந்துவிடும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை அதோடு சேர்த்து ஊற்றச் சொல்லுகிற ஆள் வருவான், அவனை உள்ளேயே விடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் மேல்ஸ்லாட்டை உள்கேசிங் விட்டு அடைத்து, சந்தில் சிமெண்ட் கிரவுட்டிங் செய்ய வேண்டும். நைட்ரேட் குறையும், சளி குறையும். இரும்பு குறையாது, அது கீழ்த்தண்ணீரின் குணம், அதற்கு மொட்டை மாடியில் ஷவர் தட்டு வழியாகக் கொட்டவிட்டு, ஒரு தொட்டியில் தங்கவைத்து, மணல் ஃபில்டரில் விட வேண்டும். ஃபில்டர் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தீர்கள், என்ன செய்வது.

---

கொருக்குப்பேட்டை_வாசி

கிரவுட்டிங்குக்கு எவ்வளவு ஆகும்?

---

போர்செட்_மணலி

உள்கேசிங் இறங்குகிற அளவுக்கு உங்கள் போர் அகலமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆறரை இஞ்ச் துளை என்றால் வழி உண்டு, நாலரை என்றால் புதுசாகப் போடுவதே மலிவு. வாய் அகலத்தை அளந்து எழுதுங்கள், சொல்கிறேன்.